வெந்தயமா, குடிநீரா, காப்ஸ்யூலா, மெட்ஃபார்மினா? தொப்பைக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது

ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண்) 6.1 என்று வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. இடுப்பைச் சுற்றி அளந்தால் 100 செ.மீ.க்குப் பக்கம். கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. "இன்னும் சுகர் வரவில்லை, இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது, எடையைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாத நிலைதான் இந்த இன்சுலின் எதிர்ப்பு (ரெசிஸ்டன்ஸ்). அந்த மூன்று மாதத்தில்தான் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அத்தை வெந்தயத்தை ஊறவைக்கச் சொல்வார். ஆபீஸில் ஒருவர் பெர்பெரின் என்ற காப்ஸ்யூல் டப்பாவுக்கு லிங்க் அனுப்புவார். இன்னொருவர் சித்த வைத்தியரின் நம்பரைத் தருவார். "எதுக்கு இதெல்லாம், மெட்ஃபார்மின் போட்டுட்டுப் போ" என்று சர்க்கரை மாத்திரையைக் காட்டி மச்சான் முடிப்பார்.

நான்கு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மூலிகைகள் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். எடையைக் கண்ணுக்குத் தெரியும்படி இறக்கும் மூலிகை எதையும் நல்ல ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை. சமையலறை டப்பாவை விட்டுக் காப்ஸ்யூல் டப்பாவுக்கு நகர நகர, உள்ளே போகும் பொருளின் வீரியம் கூடுகிறது. நம்மைக் கண்காணிக்கிற ஆள் மட்டும் காணாமல் போகிறார்.

இந்தக் கட்டுரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருப்பவர்களுக்கு. 6.5-ஐ எட்டியவர்களுக்கு மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த எண் மாற வேண்டும்? "உடம்பு லேசான மாதிரி இருக்கு" என்பது கணக்கில் வராது. மூன்று எண்கள் போதும்: ஹெச்பிஏ1சி, எடை, இடுப்புச் சுற்றளவு. நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்பு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-லேயே அதிக எடை, 25-ல் உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த 25, 30 நமக்குப் பொருந்தாது. சர்க்கரை இறங்குவதும் எடை இறங்குவதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விளம்பரங்கள் வேண்டுமென்றே இரண்டையும் குழப்பும்.

ஆய்வில் கொடுத்த அளவை வீட்டில் சாப்பிட முடியுமா? பெரும்பாலான கைவைத்தியம் தோற்பது இங்கேதான்.

கல்லீரலும் மற்ற மாத்திரைகளும். இன்சுலின் எதிர்ப்பு உள்ள பலருக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். பிரஷருக்கோ தைராய்டுக்கோ மாத்திரை வேறு ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வாயில் போடுவது அவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

பாக்கெட்டில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா?

மாதச் செலவு, அதோடு பரிசோதனைச் செலவும் சேர்த்து.

## எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது

நடையும் சாப்பாடும் ஐந்தாவது வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்ற நான்கும் நிற்பதே அதன் மேல்தான். 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 3,234 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். வாரம் 150 நிமிட நடையும், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும் என்று இலக்கு வைத்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதம். சராசரி எடைக் குறைவு நடைக் குழுவில் 5.6 கிலோ, மாத்திரைக் குழுவில் 2.1 கிலோ.

"அது அமெரிக்கா" என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றும் செய்யாத குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம். குறைந்த அளவு மெட்ஃபார்மின் எடுத்த குழுவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது; இரண்டையும் சேர்த்தபோதும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்த 55-ஐ இன்னொரு முறை பாருங்கள். "மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்பதை மூன்று வருடமாக இழுத்தால் நடப்பது அதுதான்.

## வழி ஒன்று: சமையலறை மூலிகைகள்

இதில் முதலிடம் வெந்தயத்துக்குத்தான். காரணம் எளிது: அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி நார்ச்சத்து. அதில் கரையக்கூடிய பகுதி, அதாவது ஊறியதும் வழவழவென்று வருவது, வயிற்றில் கூழாகி உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குபீரென்று ஏறாமல் மெதுவாக ஏறுகிறது. இந்தியாவில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 140 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. தினம் 10 கிராம் வெந்தயப் பொடியை இரண்டு வேளையாக எடுத்தவர்களில், எடுக்காதவர்களைவிடக் குறைவானவர்களுக்கே சர்க்கரை நோய் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நம் நிலையில் இருந்தவர்களை, நம் ஊரிலேயே, இவ்வளவு காலம் பார்த்த மூலிகை ஆய்வு அபூர்வம்.

அளவைக் கவனியுங்கள். ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம்தான். 10 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு டேபிள்ஸ்பூன், தினமும், வருடக்கணக்கில். ராத்திரி அரை ஸ்பூன் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் நார்ச்சத்தில் பெரும்பகுதியைத்தான் கொட்டுகிறார்கள். விதையை மென்றோ, பொடித்து மோரில் கலந்தோ சாப்பிட வேண்டும். வெந்தயக்களி நல்ல பண்டம், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அரிசிமாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்த அதை இந்தக் கணக்கில் எழுத முடியாது.

செலவு மாதம் 300 கிராம் வெந்தயம். மறைமுகச் செலவு வயிற்று உப்புசம், முதல் வாரத்தில் வயிற்றுப்போக்கு, வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு மாதிரி இனிப்பு வாசனை. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்பிணிகள் குழம்பில் தாளிக்கும் அளவோடு நிற்பது நல்லது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பட்டை விஷயத்தில் நான் இவ்வளவு தாராளமாக இல்லை. 2003-ல் பாகிஸ்தானில் 60 பேரிடம் செய்த ஆய்வு சர்க்கரை நன்றாக இறங்கியதாகச் சொன்னதும் உலகமே பட்டைத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. 2012-ல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. அதைவிடப் பெரிய விஷயம், பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அதிக அளவில் நாள்பட உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. மெல்லிய சுருள் சுருளாக வரும் இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிடத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கறுவாவாகப் பார்த்து வாங்கட்டும்.

இது நல்ல தேர்வாவது: எண்கள் எல்லைக்கோட்டருகே இருக்கும்போது, வேறு மாத்திரை அதிகம் இல்லாதபோது, வயிறு தாங்கும்போது.

## வழி இரண்டு: சித்த மருத்துவரின் மருந்து

மதுமேகத்துக்கு (சர்க்கரை நோய்க்கு) ஆவாரைக் குடிநீர் என்ற பழைய கூட்டு மருந்து சித்தத்தில் உண்டு: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை. இதில் கடலழிஞ்சிலைப் பற்றி இன்றைய வேதியியலுக்கும் கொஞ்சம் தெரியும். அதிலுள்ள சலாசினால் போன்ற பொருள்கள் குடலில் மாவுச்சத்து உடைவதைத் தடுக்கின்றன. டாக்டர்கள் எழுதும் அகார்போஸ் மாத்திரை வேலை செய்யும் அதே இடம். இலங்கையில் இதே இனச் செடியைக் கொத்தலஹிம்புட்டு என்பார்கள், அதன் கட்டையில் குடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பார்கள். அதன் தேநீரை 51 சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஹெச்பிஏ1சி ஓரளவு இறங்கியது. மாவுச்சத்து உடையாமல் பெருங்குடலுக்குப் போனால் வாயு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. இலையை மென்றபின் சர்க்கரையைப் போட்டால் மணல் போல இருக்கும். நாக்கின் இனிப்புணர்வை அரை மணி நேரத்துக்கு மேல்கூட மரக்கடிக்கும். மாலையில் இனிப்புக்குக் கை போகிறவர்களுக்கு இது நிஜமான உதவி, ஆனால் இலையாகவோ பொடியாகவோ நாக்கில் பட வேண்டும். காப்ஸ்யூலாக விழுங்கினால் அந்தப் பலன் கிடையாது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 நோயாளிகளுக்கு இதன் சாற்றைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, ஐந்து பேர் வழக்கமான மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் போனார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக எல்லா டப்பா விளம்பரங்களும் இந்த ஆய்வின் பின்னால்தான் நிற்கின்றன. யாருக்கு எது என்று குலுக்கிப் பிரித்து, இருதரப்புக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வல்ல அது. அதே அளவில் பெரிதாக மறுபடி செய்து காட்டவும் இல்லை.

இந்த வழியின் உண்மையான பலம் மருந்தைவிட மருத்துவர். பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவுபெற்றவர் நாடி பார்ப்பதோடு லேப் ரிப்போர்ட்டையும் கேட்பார், பத்தியம் சொல்வார், திரும்ப வரச் சொல்வார். அந்தப் பத்தியத்தில் மைதா, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் அடிபட்டுப்போவதால் கிடைக்கும் பலனையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். போகட்டும், பலன் பலன்தான். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அண்ணா மருத்துவமனை இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு உண்டு. செலவு மிகக் குறைவு.

மறைமுகச் செலவுகள் மூன்று. லேகியம் கொடுத்தால் அதில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும், கேளுங்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தில் பற்பம், செந்தூரம் கலந்திருந்தால் அது உலோகம் சேர்ந்த மருந்து; 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்தன. மூன்றாவது, இயற்கை என்பதால் கல்லீரல் விட்டுவிடாது. 2021-ல் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. மருந்து தொடங்கும் முன்பும் ஆறு வாரம் கழித்தும் எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) பார்ப்பதில் இரு தரப்புக்கும் ஆட்சேபணை இருக்காது.

இது நல்ல தேர்வாவது: மாத்திரை வேண்டாம் என்று மனம் உறுதியாக இருந்து, ஒழுங்காகப் பின்தொடர்ந்து போகத் தயாராகவும் இருப்பவருக்கு. குளிமெப்பிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுப்பவர் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லாமல் சேர்த்தால் லோ சுகர் வரலாம்.

## வழி மூன்று: காப்ஸ்யூல் டப்பாக்கள்

எனக்குப் பொறுமை குறையும் இடம் இது.

பெர்பெரின். மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் பொருள். இதற்குச் சான்று இல்லை என்று சொல்ல முடியாது. 2008-ல் சீனாவில் 36 பேரிடம் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை கொடுத்து, அதே அளவு மெட்ஃபார்மினோடு ஒப்பிட்டபோது சர்க்கரை ஏறக்குறைய சமமாக இறங்கியது. எடைக் குறைவு ஆய்வுகளில் சுமார் 2 கிலோ. இணையத்தில் இதை "இயற்கையின் ஓஸெம்பிக்" என்று கூவுகிறார்கள். ஓஸெம்பிக் என்ற ஊசியில் உள்ள செமாகுளுடைடு மருந்து, எடைக்கென்று அதிக அளவில் கொடுத்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் எடையை 15 சதவீதம் குறைத்தது. 90 கிலோ ஆளுக்கு அது 13 கிலோவுக்கு மேல். 2 கிலோவையும் 13 கிலோவையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

மருந்து மாதிரி வேலை செய்வதால் மருந்து மாதிரியே தொல்லையும் தரும். வயிற்றுவலி, மலச்சிக்கல் அல்லது போக்கு சாதாரணம். கல்லீரலில் மற்ற மாத்திரைகளைக் கையாளும் நொதிகளை இது தடுக்கிறது; பிரஷருக்கான லோசார்டன், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றின் போக்கை மாற்றும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் காலத்திலும் கூடாது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கக்கூடும். பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டிக்கு) என்று இதை வாங்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: இன்சுலின் எதிர்ப்பு குறைந்தால் முட்டை வெளிவருவது சீராகும், எதிர்பாராமல் கர்ப்பம் தங்கலாம்.

கொடம்புளி (டப்பாவில் கார்சீனியா என்றிருக்கும்). 1998-ல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு பற்றிய செய்திகள் மட்டும் பின்னால் வந்துகொண்டே இருக்கின்றன. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் மீன்குழம்பில் போடும் புளிக்கு இந்தப் பழி சேராது.

கிரீன் டீ சாறு. கோப்பையில் குடிப்பது வேறு, காப்ஸ்யூலில் அடைத்த சாறு வேறு. அதன் முக்கியப் பொருளான இஜிசிஜி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. எடைக் குறைவோ பேசும் அளவுக்கு இல்லை.

இதில் மிகப் பெரிய மறைமுகச் செலவு கலப்படம். "மூலிகை ஸ்லிம்மிங்" டப்பாக்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதை உலகம் முழுக்கப் பிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-ல் தடைசெய்த மருந்து அது. "மூலிகை சுகர் மருந்து" என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற சாதாரண இங்கிலீஷ் சுகர் மருந்தைக் கண்டுபிடித்ததும் உண்டு. ஒரே வாரத்தில் பசி அடங்குகிறது, தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மூலிகையைப் பாராட்டாமல் டப்பாவைச் சந்தேகியுங்கள். "சர்க்கரை நோயை, உடல் பருமனைக் குணப்படுத்தும்" என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அப்படி எழுதியிருக்கும் டப்பா முதல் வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இது நல்ல தேர்வாவது: மெட்ஃபார்மின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, டாக்டரும் பெர்பெரினைத் தெரிந்து பார்த்துக்கொள்கிறார் என்ற அபூர்வ நிலையில். மற்ற இரண்டும் யாருக்கும் வேண்டாம்.

## வழி நான்கு: மெட்ஃபார்மின்

மூலிகைப் பட்டியலில் இதற்கும் ஒரு காலடி உண்டு. ஐரோப்பாவில் சர்க்கரைக்குப் பயன்பட்ட கலேகா என்ற செடியிலிருந்த பொருள் நச்சுத்தன்மை உள்ளதாக இருந்தது. அதன் உறவுக்கார மூலக்கூறை 1922-ல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். செடியில் நல்லதை எடுத்து, நஞ்சை விலக்கி, அளவைக் கட்டிப்போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். மக்கள் மருந்தகங்களில் இன்னும் குறைவு. தனியாக எடுத்தால் லோ சுகர் அநேகமாக வராது. எடைக்குப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், முன்பு சொன்ன 2 கிலோ சுற்றளவுதான். முதல் சில வாரம் வயிறு கலக்கும். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையும், சைவம் சாப்பிடுபவர்கள் அதை அளந்து பார்க்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கூடாது. "ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது" என்பது வீண் பயம். எடை இறங்கி எண்கள் நல்லபடி வந்தால் டாக்டரே நிறுத்துவார்.

இது நல்ல தேர்வாவது: ஹெச்பிஏ1சி 6-ஐத் தாண்டி மேலே போய்க்கொண்டிருப்பவர், வயது 60-க்குள் இருந்து எடை மிக அதிகமாக இருப்பவர், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்திருந்த பெண்.

## ஒரே பார்வையில்

| வழி | சர்க்கரைக்கு | எடைக்கு | மறைந்திருக்கும் செலவு | கண்காணிப்பு |
|---|---|---|---|---|
| வெந்தயம், தினம் 10 கிராம் | ஓரளவு | அநேகமாக இல்லை | உப்புசம், பொறுமை | நாமே |
| சித்த மருந்து, பதிவுபெற்றவரிடம் | ஓரளவு. சான்று சிறியது | பத்தியத்தால் குறையலாம் | லேகியச் சர்க்கரை, லேபிளில்லாப் பொட்டலம், எல்எஃப்டி | மருத்துவர் |
| பெர்பெரின் | கணிசம் | சுமார் 2 கிலோ | விலை, மற்ற மாத்திரைகளோடு மோதல் | பெரும்பாலும் யாருமில்லை |
| கொடம்புளி, கிரீன் டீ காப்ஸ்யூல் | சொல்லும்படி இல்லை | இல்லை | கல்லீரல், கலப்படம் | யாருமில்லை |
| மெட்ஃபார்மின் | நிரூபணமானது | சுமார் 2 கிலோ | வயிறு, பி12 | மருத்துவர் |

## அப்படியானால் யார் எதை எடுப்பது

ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 5.9 வரை, வேறு வியாதி இல்லை: நடை, சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து காய், பருப்பைக் கூட்டுவது, அதோடு வேண்டுமானால் வெந்தயம். காசு கொடுத்து வேறெதுவும் வாங்க வேண்டாம்.

6.0-லிருந்து 6.4 வரை, வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் உண்டு: மெட்ஃபார்மின் வேண்டுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அதற்கும் மூன்று மாதக் கெடு வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

எடைதான் முக்கியப் பிரச்சினை, பிஎம்ஐ 30-ஐத் தாண்டிவிட்டது, மூட்டு வலிக்கிறது, குறட்டையில் மூச்சு திணறுகிறது என்றால் இந்தக் கட்டுரையின் நான்கு வழிகளும் உங்களுக்குப் போதாது. உடல் பருமனுக்கான ஊசிகளும் அறுவைச் சிகிச்சையும் பற்றி நிபுணரிடம் பேச வேண்டிய இடம் அது. அங்கே போகாமல் காப்ஸ்யூலில் இரண்டு வருடம் கழிப்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தேர்வு.

எதைத் தொடங்கினாலும் அன்றைக்கே ஹெச்பிஏ1சி, எல்எஃப்டி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் எடுத்து, எடையையும் இடுப்பளவையும் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எல்எஃப்டி ஆறாவது வாரம் ஒருமுறை, ஹெச்பிஏ1சி மூன்றாவது மாதம். நடுவில் சிறுநீர் அடர்த்தியான காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சாப்பாடே வேண்டாம் என்று குமட்டினாலோ மூலிகை எதுவானாலும் அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.